கட்டி இல்லை, பை

ஸ்கேன் அறையில் விளக்கைக் குறைத்துவிட்டால் நம் முகம் யாருக்கும் தெரியாது என்று புதிதாக வந்திருக்கும் நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். அதுதான் இல்லை. திரையின் வெளிச்சம் முழுக்க நம் முகத்தில்தான் விழுகிறது. படுத்திருப்பவளுக்குத் திரையில் ஓடுவது ஒன்றும் புரியாது. அதனால் அவள் திரையைப் பார்ப்பதே இல்லை, நம்மைத்தான் பார்க்கிறாள். நாம் புருவத்தைச் சுருக்கினால் அதுவே அவளுக்கு ரிப்போர்ட்.

கிள்ளானில் பெண்களுக்கான ஒரு மருத்துவ மையத்தில் காலமெல்லாம் ஸ்கேன் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமியூட்டர் ரயிலில் போய்ப் போய் வந்தே தலை நரைத்தது. போன வாரம் உங்கள் மேற்பார்வையாளர் போன் செய்து, “அக்கா, புதுப் பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்” என்றார். “நான் எழுதினா பெருமையாத்தான் இருக்கும், பரவாயில்லையா?” என்று கேட்டேன். “அது எங்களுக்குத் தெரியாதாக்கா?” என்று சிரித்தார். ஆகவே பெருமைதான் பேசப்போகிறேன். கருவியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லவருவது புவனாவின் கதை.

புவனா கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார்க்காரி. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். முப்பதைத் தாண்டியவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மாதவிலக்கு வந்தால் சுருண்டு விழுகிற அளவுக்கு வலி. வயிற்றில் சூடு ஒத்தடத்தைக் கட்டிக்கொண்டு அதன்மேல் யூனிபார்ம் போட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். போகிற இடமெல்லாம், “பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்” என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் எங்கள் டாக்டர்தான் அது எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடித்தார். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்கிற படலத்தைப் போன்ற ஒன்று வெளியே அங்கங்கே ஒட்டிக்கொண்டு மாதாமாதம் ரணப்படுத்தும் நோய். அன்றைக்கு அவள் அழவில்லை. “அப்பாடா, பேரு கெடச்சிருச்சு சிஸ்டர். நான் நடிக்கலன்னு இப்பவாச்சும் ஒத்துக்குவாங்கல்ல?” என்றாள்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை என்னிடம் ஸ்கேனுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் சினைப்பை இரண்டும் நன்றாகவே இருந்தன. நான் சொல்லும் அந்த வருடம் அவள் மிகச் சந்தோஷமாக வந்தாள். குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று அவளும் புருஷனும் முடிவெடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவள், படுத்த கையோடு மாமியார் இப்போதே பேர் தேடுகிற கதையை ஆரம்பித்தாள். நானும் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே கருவியை நகர்த்தினேன்.

இடது சினைப்பையில் கை நின்றது. போன வருடம் இல்லாத ஒன்று. உள்ளே கலங்கலாக, பனி படிந்த கண்ணாடி மாதிரி. அது மட்டுமென்றால் இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் சுவரின் ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. உறைந்த ரத்தமாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை.

“என்ன சிஸ்டர், பேச்சு நின்னுபோச்சு?” என்றாள்.

இந்த இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் சறுக்குகிறோம். ‘ஒண்ணும் இல்லம்மா’ என்போம், அது பொய். ‘டாக்டர் சொல்வாங்க’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அது அதைவிட மோசம். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “எடது பக்கத்துல போன வருஷம் பாக்காத ஒண்ணு தெரியுது புவனா. நல்லா அளக்கணும், அதான் பேசல. அது என்னன்னு சொல்ற வேல டாக்டரோடது. முடிஞ்சதும் நானே உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன்.” அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், “சரி, அளங்க” என்றாள். உண்மை கசக்கும், ஆனால் அதன்மேல் கால் வைத்து நிற்கலாம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி. கெட்டிக்காரர், இளகிய மனசுக்காரர். கிள்ளானில் பாதி நோயாளிகள் தமிழர்கள் என்பதால் அவராகவே கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியிருந்தார். ‘வலிக்குதா’, ‘மூச்சு விடு’, ‘பயம் வேணாம்’ எல்லாம் அழகாக வரும், வாக்கியத்தின் வாலில் நம் ஊர் ‘லா’வும் ஒட்டிக்கொள்ளும். பெண்கள் ‘நீர்க்கட்டி’ என்று சொல்வதையும் கேட்டிருக்கிறார். இந்த நோயில் வருவதற்குள் இருப்பது நீர் இல்லையே, பழைய ரத்தம்தானே என்று நியாயமாக யோசித்து, ‘நீரை’ எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்.

“புவனா, எடது ஓவரியில ஒரு கட்டி இருக்கு லா. சாக்லேட் கட்டி. பயம் வேணாம். ரெண்டு மாசம் கழிச்சி மறுபடி ஸ்கேன் பாப்போம்” என்றார். ஆங்கிலத்திலும் விளக்கினார், படம் வரைந்து காட்டினார். புவனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுவதைப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. பயத்தில் நம் ஊரில் எல்லாருமே தலையாட்டுவார்கள்.

சில நாள் கழித்து, முன்பதிவு எதுவும் இல்லாமல் காலையிலேயே வந்து என் அறை வாசலில் நின்றாள். கூடவே மாமியார். புவனாவின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“டாக்டர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். ரெண்டையும் எடுத்துடச் சொல்லுங்க. ஓவரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ள இல்லாட்டிப் போவுது. நான் உசுரோட இருக்கணும்.”

மாமியார் குறுக்கே புகுந்தார். “நான் அப்பவே சொன்னேம்மா, கண்டதையும் திங்காதன்னு. இப்போ வீட்டுல சாக்லேட்டே கெடையாது. கோக்கோ டின்னக்கூடத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். மூத்த மவனோட புள்ள அழுவுறான், அழட்டும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே அடுத்த நோயாளி, ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்து வயிற்றை நிறைத்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தாள். இந்த நிலையில் ‘அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பெண் இப்படியே வெளியே போனால், கேட்டதைச் செய்துகொடுக்கிற இடத்தைத் தேடிப் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. இருவரையும் உள்ளே இழுத்து உட்காரவைத்தேன்.

“டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீ சொல்லு பாப்போம்.”

“கட்டின்னு சொன்னாங்க.”

“கட்டின்னா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடவா தெரியாது என்பது போல. “எங்க அத்தைக்கு வந்துச்சே, அது. அப்பாவோட தங்கச்சி. எங்கம்மா போனப்புறம் அவங்கதான் என்ன வளத்தாங்க. வயித்துல கட்டின்னு சொன்னாங்க. அடுத்த தீபாவளிக்கு அவங்க இல்ல. எங்க வீட்டுல அந்த இன்னொரு பேர யாரும் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். கட்டின்னுதான் சொல்வாங்க.”

டாக்டர் ஆறுதல் சொன்ன அதே வாக்கியத்தில் இவளுக்குச் சாவு ஓலை போயிருக்கிறது. ‘பயம் வேணாம்’ என்பதையெல்லாம் இவள் காதில் வாங்கவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளை அரள வைத்தது ஒரே ஒரு சொல்.

“அது வேற, இது வேற புவனா. டாக்டர் சொன்னது ‘சிஸ்ட்’ங்கறத. உள்ள பழைய ரத்தம் தங்கியிருக்கு, அது சாக்லேட் கலர்ல இருக்கும். அவ்வளவுதான் அந்தப் பேருக்கு அர்த்தம்” என்றேன்.

“அப்போ புத்துநோய் இல்லன்னு சத்தியம் பண்ணுங்க.”

கையை நீட்டிவிட்டாள். அப்படி இருக்கிற வாய்ப்பு குறைவு என்று டாக்டர் நினைக்கிறார், எனக்கும் தெரியும். ஆனால் அந்த மேடு என்னவென்று அன்றைக்கு யாருக்குமே உறுதியாகத் தெரியாது.

“சத்தியம் பண்ண மாட்டேன்” என்றேன்.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, ‘இல்ல’ன்னு ஒரு வார்த்த சொன்னா உனக்கு என்ன கொறஞ்சா போயிரும்?”

“கொறஞ்சுதாம்மா போயிரும்! நாளைக்கு நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா, அப்புறம் நான் ‘நல்லா இருக்கு’ன்னு சொன்னாலும் உங்க மருமக நம்பாது. டாக்டருக்கே சந்தேகம் சின்னதாத்தான் இருக்கு. சின்னதா இருந்தாலும் அதத் தீத்துக்கத்தான் ரெண்டு மாசம் கேக்குறாங்க.” என் குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. என் வாய் அப்படி.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வெளியே நெளிந்துகொண்டிருந்த பெண் தலையை நீட்டி, “அக்கா, இனிமே ஹோல்ட் பண்ண முடியாது லா!” என்றாள்.

“போ, பாதி மட்டும் போயிட்டு வா!” என்றேன்.

“பாதியில எப்படிக்கா நிறுத்துறது?” என்று புலம்பிக்கொண்டே அவள் ஓடினாள். அழுதுகொண்டிருந்த புவனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எங்க பேக்டரியில ஹோல்ட்னா வேற” என்றாள்.

ஏதோ பேச்சுக்குத்தான் கேட்டேன். “என்னது அது?”

“ஒரு லாட் கையுறை மேல சந்தேகம் வந்தா தனியா எடுத்து வெச்சி மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டுவோம். திருப்பி டெஸ்ட் பண்ற வரைக்கும் யாரும் கைய வெக்கக்கூடாது.”

“சந்தேகம்னா தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?”

“அது எப்படி சிஸ்டர்? ஹோல்ட்னா ரிஜெக்ட் இல்லியே. புதுசா வர்றதுங்கதான் மஞ்சளப் பாத்ததும் ரிஜெக்ட் செவப்புன்னு நெனச்சிக்கிட்டு நல்ல சரக்கத் தூக்கிக் குப்பையில போடும். எத்தன தடவ திட்டியிருக்கேன், டெஸ்ட் முடியாம எப்படிடா...”

நிறுத்திவிட்டாள். அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியும். அன்றைக்கு நான் செய்த ஆகப் பெரிய வேலை அந்த வாய் மூடல்தான்.

பிறகு அவளே கேட்டாள். “அப்போ எடது பக்கம் ஹோல்ட்ல இருக்கா சிஸ்டர்?”

“எடது பக்கம் ஹோல்ட். வலது பக்கம் போன வருஷம் மாதிரியே நல்லா இருக்கு. நீ ரெண்டையும் சேத்துக் குப்பையில போடச் சொல்லிக்கிட்டு வந்திருக்க.”

டாக்டர் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டேன். கட்டி என்றால் எங்கள் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். “ஐயோ! எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?” என்றார். அவர் குணம் எனக்குப் பிடிக்கும். சாக்குப்போக்கு சொல்ல மாட்டார். நேராக வந்து புவனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சினைப்பையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தபின் திரும்ப வைக்க முடியாது, அவசரப்படுகிற மாதிரி இதில் எதுவும் தெரியவில்லை, இடையில் வலியோ காய்ச்சலோ அதிகமானால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: “தமிழ்ல நான் என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க.”

நான் ‘கொப்புளம்’ என்றேன். புவனா முகத்தைச் சுளித்தாள். “கொப்புளம்னா ஒடையுமோன்னு பயம் வரும் சிஸ்டர்.” மாமியார், “ரத்தம் தங்குன பைன்னு சொல்லுங்களேன். பைன்னா ஒரு பயமும் இல்ல, தெனம் பாசாருக்குக் காய்கறி வாங்கத் தூக்கிட்டுப் போறோம்” என்றார். கோக்கோ டின்னை வீட்டை விட்டுத் துரத்திய அதே பெண்மணிதான்! டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ‘ழ’ அவருக்கு வரவே வராது. “பலைய ரத்தம் தங்குன சின்ன பை.” சாக்லேட் தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மாமியாருக்கும் விளக்கினார். “அப்போ அந்த டின்னத் திருப்பிக் கேக்க முடியாதே” என்று அவர் கவலைப்பட்டார்.

அந்த இரண்டு மாதம் புவனாவுக்கு லேசாக இருந்தது என்று கதை விடமாட்டேன். சமையலறைக் காலண்டரில் மறு ஸ்கேன் தேதியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாள். போனில் நோயைப் பற்றித் தேடுவதில்லை என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் அவன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காப்பார் கடற்கரைப் பக்கம் போவான். மின்நிலையப் புகைபோக்கி தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, பயப்பட வேண்டியதையெல்லாம் அங்கே பேசிவிடுவார்கள். திரும்பி வரும்போது பேசக்கூடாது என்று ஏற்பாடு. துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்த சொந்தக்காரர்களை மாமியாரே வாசலில் மறித்தாராம்: “அது ஹோல்ட்ல இருக்கு. டெஸ்ட் முடியறதுக்குள்ள யாரும் வாய வெக்கப்படாது.” அப்படியும் ஒரு நாள் வேலையிடத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் செய்தாள். “பயமா இருக்குக்கா” என்றாள். அன்றைக்குத்தான் சிஸ்டராக இருந்தவள் அக்காவானேன். “பயமா இருக்கத்தான் செய்யும். பயந்துக்க. ஆனா பயத்த வெச்சி முடிவு மட்டும் எடுக்காத” என்றேன். அதற்கு மேல் என்னிடமும் மருந்து இல்லை.

மறு ஸ்கேன் அன்று படுத்தவுடன் நான் முந்திக்கொண்டேன். “இப்போ கொஞ்ச நேரம் பேசாம பாக்கப்போறேன். பேசலன்னா அளக்குறேன்னு அர்த்தம். வேற அர்த்தம் இல்ல.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். பை அங்கேதான் இருந்தது. ஓரத்து மேடு கரைந்துபோயிருந்தது. நம்பாமல் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் தோளைத் தொட்டு, தன் புதுத் தமிழில் சொன்னார்: “ரத்தம் கட்... கட்டி இல்ல, சாரி! ரத்தம் உறஞ்சி இருந்துச்சி. இப்போ போயிடுச்சி. பலைய ரத்தம் தங்குன சின்ன பை மட்டும் இருக்கு.”

மாமியார் வெளியிலிருந்து ஓடிவந்தார். “அப்போ பாஸா?”

புவனா அழுதுகொண்டே சிரித்தாள். “பாஸ் இல்ல அத்த. பை இருக்கே, நோயும் இருக்கு. மாத்திரையா, கொழந்தைக்குப் பாக்குறதான்னு டாக்டரோட உக்காந்து பேசணும், அப்பப்போ வந்து காட்டணும். எங்க பேக்டரியில சொல்ற மாதிரி கண்டிஷனல் ரிலீஸ், விட்டாச்சு, ஆனா கண்ணு மேல இருக்கும்.”

அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள், எனக்குத் தெரியும். இன்னும் இல்லை. வலியும் முழுசாகப் போகவில்லை. முயற்சி செய்கிறார்கள். போன மாதம் பேசும்போதுகூட, “ரெண்டு பக்கமும் என்கிட்டதான் இருக்குக்கா, அதுபோதும், பாத்துக்கலாம்” என்றாள். ஒருத்தி பயத்தில் தன்னைத் தானே தூக்கிப் போட்டுவிடாமல் தடுத்தோம். அதில் எனக்குப் பெருமை இல்லாமல் வேறு எதில் இருக்கும்?

என் கடைசி வேலை நாளில் எனக்காக ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். காப்பாரிலிருந்து புவனாவும் வந்திருந்தாள். அவள் மாமியார் தூக்கமாட்டாமல் தூக்கிவந்தது சாக்லேட் கேக். எல்லாம் முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினேன். டாக்டரின் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண், நான் பார்த்தே இராதவள், கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கட்டியா டாக்டர்?”

“இல்ல லா. கட்டி இல்ல. பை. பலைய ரத்தம் தங்குன சின்ன பை. உக்காருங்க, நான் சொல்றேன்.”

நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. நான் கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் தலை நிமிர்ந்து நடந்தேன்.